பதினொரு வயதுப் பாவாடை

ஜூன் 9, திங்கள்

பேப்பர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. கம்ப்யூட்டர் திரைக்கு உயரம் பற்றாமல் இத்தனை நாளும் அதன் அடியில் கிடந்தது. இன்று யாரிடமாவது புலம்ப வேண்டும் போல் இருந்தது. கடையில் ஆள் இல்லை, அதனால் இதை உருவினேன்.

எல்லாம் ஹெலன் பிரபாவால் வந்தது. உளவியலில் ஆராய்ச்சி செய்கிற பெண். பாளையங்கோட்டையில் பிழையில்லாத தமிழ்த் தட்டச்சு வேண்டுமென்றால் சண்முகவடிவு கடைக்குத்தான் வர வேண்டும். இது தற்பெருமை இல்லை, ஊரே சொல்வது. ஆய்வுக்கு ஆட்களிடம் கேட்பதற்கான கேள்விகளைக் கொடுத்திருந்தாள். நான்காவது கேள்வி இது: "உங்களுக்கு மிகவும் நெருக்கமான ஒருவரைக் கண்ணை மூடி நினையுங்கள். அவர் முகம் எப்படித் தெரிகிறது? நேரில் பார்ப்பதுபோலத் தெளிவாகவா, மங்கலாகவா, தெரியவே இல்லையா?"

உடனே ஃபோன் போட்டேன். "ஏம்மா, நாலாவது கேள்வி தப்பா இருக்கே. கண்ண மூடுனா இருட்டுதான தெரியும்? முகம் எப்படித் தெரியும்?"

அவள் திருப்பிக் கேட்டாள். "அக்கா, நெசமாவே உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?"

"ஊருக்கெல்லாம் தமிழ் திருத்துதேன், எனக்கா ஒண்ணும் தெரியாது?" என்று கோபத்தில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அவள் கேட்டது வேறு என்று உறைத்தது.

டைரி என்று ஆன பிறகு பொய் எழுதக்கூடாது. ஆடி முடிந்ததும் நான் வீட்டுக்காரரை விட்டுத் தென்காசிக்கே போகிறேன். அண்ணன் கடைமாடி காலியாக இருக்கிறது. கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அங்கே போட்டுக்கொள்வேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கள் மகள் உலகு காய்ச்சலில் போய் ஐந்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நானும் இவரும் பேசியதெல்லாம் கேஸ் வந்ததா, தண்ணீர் வந்ததா என்பதுதான். ஆடி கடைசி வெள்ளி உலகுவுக்குக் கன்னி பூசை. அதை மட்டும் செய்துவிட்டுப் போவேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒருத்தர் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிக்க வந்தார். அவர் அப்பா தவறிவிட்டார். வழக்கமான வரியைப் போட்டேன்: "உங்கள் முகம் எங்கள் கண்களை விட்டு அகலவில்லை." இந்த வரியை நூற்றுக்கணக்கான தடவை அடித்திருப்பேன். சுவரொட்டியின் நான்கு மூலையிலும் போடுகிற பூ டிசைன் மாதிரி இதுவும் ஒரு அலங்காரம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, நெசமாவே கண்ணுக்குள்ள தெரியுதாரா?"

அவர் கண்ணை மூடினார். "வெத்தலயப் போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு நிக்காரும்மா" என்று சொல்லி என் கடையில் உட்கார்ந்தே அழுதார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் பால்காரர், எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர், ஃபோனில் அண்ணி, எல்லோரையும் கேட்டேன். எல்லோருக்கும் தெரிகிறதாம். ஊர் முழுக்கத் தலைக்குள் ஓசிச் சினிமா ஓடுகிறது. என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

இவரை மட்டும் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஹெலன் கடைக்கே வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைக்கு ஊசி போடும் டாக்டர் மாதிரி மெதுவாகப் பேசினாள். சிலருக்குப் பிறவியிலேயே மனசுக்குள் படம் வராதாம். நூறு பேரில் ஒன்றிரண்டு பேர் இப்படி இருக்கலாமாம். கொஞ்ச வருடமாகத்தான் இதை உருப்படியாக ஆராய்கிறார்களாம். நோய் இல்லை. பலர் என்னைப்போலவே பாதி ஆயுள் போன பிறகு தற்செயலாகக் கண்டுபிடித்துத் திகைக்கிறார்களாம்.

"பாசம் கொறவா இருக்கவங்களுக்குத்தான் இப்படி வருமோ?" என்று, வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன்.

"பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. உங்களுக்கு நெனப்பு வேற மாதிரி இருக்கும். சொல்லா இருக்கும், விவரமா இருக்கும்." பிறகு, "கனவு வருமா?" என்றாள்.

வரும். அதில் மட்டும் எனக்குப் படம் உண்டு, கலர்கூட உண்டு. விழித்ததும் நனைந்த துணியின் ஈரம் போல உலர்ந்துவிடும். என்ன நடந்தது என்கிற விவரம்தான் மிச்சம். இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. இப்படிப் பலர் இருக்கிறார்களாம். கனவுப் படம் வேறு வழியாக வரலாம் என்று யோசிக்கிறார்களாம். விழித்ததும் எழுதி வைக்கச் சொன்னாள்.

அவள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உலகுவை நினைத்தேன். எனக்குத் தெரிந்தவை: இடது புருவத்தில் சின்ன வெட்டு. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. தோசையின் ஓரத்தை மட்டும் தின்பாள். என் ஸ்டிக்கர் பொட்டை எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டி வைப்பாள். இத்தனையும் தெரியும். முகம் இல்லை. இருட்டு.

படத்தைப் பார்த்துக்கொள்ளலாமே என்றால், வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. பதினாறாம் நாள் முடிந்ததும் இவர் ஆல்பத்தையும் சுவரில் இருந்ததையும் ஒரு பையில் போட்டு, ஃபோனில் இருந்தவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றி, அம்பாசமுத்திரத்தில் இவர் அக்கா வீட்டு பீரோவுக்குக் கொடுத்துவிட்டார். "முகந்தான் நமக்குள்ளயே இருக்கே, படம் எதுக்கு" என்றார். பிள்ளையை மறக்கத் துடிக்கிற மனுஷன் என்று நினைத்தேன். திருப்பிக் கேட்கவும் இல்லை. கேட்டால், 'அதுக்குள்ள முகம் மறந்துட்டா?' என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். ஏனென்றால் மறந்துதான் போயிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

கனவு. தாமிரபரணி படித்துறை. தண்ணீர் வெளிச்சமாக இருக்கிறது, அடியில் யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல. கடைசிப் படியில் ஒரு பெண்பிள்ளை முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். தலைமுடி ஈரம். அது உலகுதான் என்று தெரிகிறது. ஆனால் முடி இடுப்புவரை இருக்கிறது. உலகுவுக்குக் கழுத்துவரைதான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழித்துவிடுவேன் என்று கனவிலேயே தெரிந்திருந்தது. நானும் மூன்று படி மேலே உட்கார்ந்துகொண்டேன். நேரம் போனதே தெரியவில்லை.

இவருக்குச் சுண்டவத்தல் குழம்பு வைத்தேன். பிடிக்கும் என்பதற்காக இல்லை, வத்தல் பழசாகிக்கொண்டிருந்தது.

ஜூன் 28, சனி

பிரிண்டர் மை. அரிசி. தென்காசிக்குப் பெரிய பை ஒன்று. இவருக்குத் தலையணை உறை.

ஜூலை 6, ஞாயிறு

கனவு. கடையில் இருக்கிறேன். சுவரொட்டிகளில் எல்லாம் படம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் உலகு வந்து நிற்கிறாள். முன்பெல்லாம் நுனிக்காலில் எம்பினால்தான் கண் தெரியும். இப்போது மேஜைக்கு மேலே தோள் தெரிகிறது. பச்சைப் பாவாடை. குனிந்து எதையோ தேடுகிறாள், முகத்தில் முடி விழுந்து மறைக்கிறது. "என்னத்தட்டி தேடுத?" என்கிறேன். "பொட்டு" என்கிறாள். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது.

விழித்தபோது வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நன்றாக அழுதேன். ஆனால் துக்கமாக இல்லை.

ஜூலை 14, திங்கள்

இந்த மனுஷனின் ஃபோனைக் கிணற்றில் போட வேண்டும். மேலிருந்து கலர் கலராகக் கட்டை விழுமே, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டுமே, அந்த விளையாட்டு. மின்வாரிய வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பிப்பார். உலகுவை இடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த மறுநாளே இதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார். வந்திருந்த சனம் எல்லாம் பார்த்தது. அன்றைக்கு என் மனசு விட்டுப்போனது, இன்றுவரை ஒட்டவில்லை.

"கட்ட அடுக்கி வீடா கெட்டப் போறிய?" என்று இன்று கேட்டேவிட்டேன்.

"கொஞ்ச நேரம் சும்மா இரி வடிவு" என்றார், தலை நிமிராமல்.

ஜூலை 21, திங்கள்

ஹெலன் தன் ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்யக் கொடுத்தாள். எனக்கு நேரெதிரானவர்களைப் பற்றியது. மனசுக்குள் படம் அளவுக்கு மீறித் தெளிவாக வருகிறவர்கள். அவர்களுக்குக் கெட்டது ஒன்று நடந்தால், அந்தக் காட்சி கூப்பிடாமலே திரும்பத் திரும்ப வருமாம். ஒரு சத்தம், ஒரு வாசனை போதுமாம்.

அதற்கு அடுத்த பக்கத்தை அடிக்கும்போது கை நின்றுவிட்டது. மேலிருந்து கட்டை விழும் விளையாட்டை வைத்துச் சோதனை செய்திருக்கிறார்கள். அந்தக் கெட்ட காட்சியை நினைவுபடுத்திவிட்டு இதை ஆட வைத்தால், பிறகு அது தானாக வந்து தாக்குவது குறைகிறதாம். கட்டையைத் திருப்பி அடுக்குவதிலேயே மனக்கண் மும்முரமாகிவிடுவதால், காட்சிக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை என்கிறார்கள்.

ஹெலனுக்கு ஃபோன் செய்து, "இதெல்லாம் சொல்லிக் குடுக்காம ஒருத்தருக்குத் தானா தெரியுமா?" என்று கேட்டேன்.

"எதுல வலி கொறயுதோ அதத்தான கை தேடும்க்கா" என்றாள். "யாருக்குக் கேக்கிய?"

வாடிக்கையாளர் ஒருத்தருக்கு என்றேன்.

இன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை. ஒரே பத்தியில் நாலு எழுத்துப்பிழை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம், வழக்கம்போல ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு. எலுமிச்சைச் சாதத்தில் உப்பு கூடிவிட்டது. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

பாலத்தின் மேல் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு போனது. அவர் கையில் இருந்த சோறு இலையில் விழுந்தது. கையைக் கழுவக்கூட இல்லை, இடது கையால் ஃபோனை எடுத்தார். கட்டைகள் விழ ஆரம்பித்தன. சத்தம் தேய்ந்து போகிறவரை அவர் மூச்சு கேட்டது.

கடைசி நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தவர் அவர்தான். ஒருத்தரைத்தான் விட்டார்கள். நான் வெளியே நின்றேன்.

அவர் பக்கமாகத் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கனவு. மறுபடி அந்தப் படித்துறை. இந்தத் தடவை அவளே திரும்பினாள். பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். "இவ்வளவுதானாம்மா" என்று கேட்பதுபோல ஒரு சிரிப்பு. தண்ணீர் வெளிச்சம் தாடையில் ஆடியது.

கண்ணைத் திறந்ததும் போய்விட்டது. பார்த்தேன் என்பது மட்டும் இருக்கிறது. அதுவே போதும் என்று எழுதப்போனேன். போதாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கன்னிக்குத் துணி எடுக்கப் போனோம். எங்கள் பக்கத்தில் சின்ன வயதில் போன பெண்பிள்ளைக்கு மாலை போட்டுப் படம் மாட்டுவதில்லை. அவள் வீட்டுக் கன்னி. வருடா வருடம் புதுப் பாவாடை சட்டை எடுத்து, சீப்பு, கண்ணாடி, வளையலோடு ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிடுவோம். போன வருடத்துத் துணியை வெளியே எடுத்து, அது அளவு சேருகிற ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம். இதுவரை அவர்தான் போய் எடுத்து வருவார். பெட்டியில் மடித்தபடியே வைத்துவிடுவார், நான் பிரித்துப் பார்த்ததில்லை. இது எனக்குக் கடைசி ஆடி என்பதால் கூடப் போனேன்.

கடைப்பையன் கேட்டான். "பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஆறு" என்றார் அவர். "பதினொண்ணு" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

"ரெண்டு பிள்ளையளா சார்?" என்றான் பையன் சந்தோஷமாக.

கடை என்றும் பார்க்காமல் சண்டை போட்டோம். "அவ ஆறு வயசுப் பிள்ள" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "வருஷம் போகலயா? ஊருப் பிள்ளையெல்லாம் வளருது, ஏம் பிள்ள மட்டும் நின்னுட்டாளா?" என்றேன். "எனக்கு அப்படித்தான் தெரியுது. உனக்கு எங்கேருந்து பதினொண்ணு தெரியுது?" என்றார். எனக்கு எங்கேயிருந்தும் தெரியவில்லை. கணக்குத்தான் தெரியும். அவள் பிறந்தநாளில் ஒவ்வொரு வருடமும் ஒன்று கூட்டுகிறேன். அதைத் தவிர அவளுக்கு நான் வேறென்ன செய்ய முடியும்?

அவர் சின்ன மஞ்சள் பாவாடை எடுத்தார். நான் பெரிய பச்சைப் பாவாடை எடுத்தேன். பஸ்ஸில் இரண்டு பை, இரண்டு ஜன்னல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயங்காலம் அவர் ஃபோனை எடுத்தார். கட்டை விழத் தொடங்குவதற்கு முன்னால் கேட்டேன். "என்ன தெரியுது உங்களுக்கு?"

கை நின்றது.

"ஆஸ்பத்திரிதான" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருடத்தில் என்னை இப்படிப் பார்த்ததில்லை. "யாரு சொன்னா?"

"அந்த விளையாட்டு ஏன்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சிது. நான் உங்கள என்னவெல்லாமோ நெனச்சிட்டேன்."

அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "அந்தக் குழாயெல்லாம் சொருகி வச்ச முகம்தான் வருது வடிவு. வேற முகமே வர மாட்டேங்கு. நல்லா இருந்தப்ப எடுத்த படத்தப் பாத்தாலும் அதுக்கு மேல இதுதான் வந்து நிக்கி. அதான் எல்லாத்தையும் அக்கா வீட்டுக்கு அனுப்புனேன். நீயாவது நல்லா இருந்த முகத்த உள்ள வச்சிருப்பன்னு நெனச்சேன்."

"எனக்கு எந்த முகமும் வராது" என்றேன். "அவ முகம் மட்டுமில்ல. எங்கம்மா முகம், ஒங்க முகம், எதுவுமே. பொறவியிலேயே அப்படித்தானாம். எனக்கே ரெண்டு மாசத்துக்கு முன்னாலதான் தெரியும்."

முதலில் நம்பவில்லை. கேலி என்று நினைத்தார். பிறகு மெல்ல மெல்ல அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அஞ்சு வருஷமா நீ அவ முகத்தப் பாக்கவே இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் களவாண்டுட்டேனே" என்றார். "ஒங்கிட்ட இருந்து பிள்ளைய நான் களவாண்டுட்டேனே வடிவு." நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

தென்காசியைப் பற்றியும் சொன்னேன். பொய் கூடாது. "போகணும்னா போ. ஆடி கழியட்டும்" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

லீவு போட்டு அம்பாசமுத்திரம் போய்ப் பையை வாங்கி வந்தார். என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஆல்பத்தைத் திறந்தேன். இருக்கிறாள். கண்ணை மூடினேன், இருட்டு. திறந்தேன், இருக்கிறாள். பொழுது சாய்கிறவரை இதையே செய்துகொண்டிருந்தேன். திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் புதிதாக வந்தாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கன்னி பூசை. ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கும் நாள். பள்ளிக்கூடத்துப் பாட்டு வீடுவரை கேட்டது. சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். ஓலைப்பெட்டியைத் துடைத்து வைத்தார். பெட்டி சின்னது, ஒரு துணிதான் கொள்ளும். மஞ்சளும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"எத வைக்க?" என்றார். என் கையில் விட்டுவிட்டார்.

"கண்ண மூடுங்க" என்றேன்.

"வேண்டாம் வடிவு. மூடுனா ஆஸ்பத்திரிதான்."

"மூடுங்க. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். எங்கிட்ட படந்தான் இல்ல, சொல்லு நெறய கெடக்கு."

மூடினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல ஆரம்பித்தேன். தோசை ஓரம். அடுத்த வீட்டு நாய்க்கு ரிப்பன் கட்டி அது கடிக்க வந்தது. ஒற்றைச் செருப்போடு பள்ளிக்கூடம் போய், மற்றச் செருப்பை மிஸ்ஸுக்கு கிப்ட் கொடுத்துவிட்டதாகச் சொன்னது. புருவத்தில் வெட்டு எப்படி வந்தது என்பது. அவர் நெற்றி சுருங்கியே இருந்தது. நான் நிறுத்தவில்லை. விழுந்த பல்லை ஓட்டின் மேல் எறியச் சொன்னால், காக்கா கொண்டுபோய்விடும் என்று மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாளே, அதைச் சொன்னபோது அவர் உதடு அசைந்தது.

"வெள்ள மாவு, மூஞ்சி பூரா" என்றார்.

"தெரியுதா?"

"ம். சிரிக்கா."

இந்த டைரியை எடுத்தேன். கனவுகளை வாசித்தேன். படித்துறை, இடுப்புவரை முடி, மேஜைக்கு மேலே தெரிந்த தோள், கனத்த குரல், பொட்டுத் தேடியது. மெதுவாக, ஒரு சொல்லையும் விடாமல். நான் ஒரு நிமிஷம் பார்த்துத் தொலைத்ததை எல்லாம் அவரிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்றார். வலது கையை நீட்டி, தன் நெஞ்சுக்கு நேராக, ஒரு தலையில் வைப்பதுபோலக் காற்றில் வைத்தார்.

"இவ்வளவு ஒசரம் வந்துட்டாளா?" என்றார்.

பச்சைப் பாவாடையை எடுத்துப் பிரித்தேன். அந்தக் கைக்குக் கீழே, ஒரு பிள்ளைக்கு இடுப்பு இருக்கும் இடத்தில் பிடித்தேன். விளிம்பு தரையைத் தொடாமல் கணுக்காலில் நின்றது.

அளவு சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

அண்ணனுக்கு ஃபோன் செய்து கடைமாடியை வேறு ஆளுக்கு விடச் சொன்னேன். ஹெலனின் நான்காம் அத்தியாயம் பாக்கி இருக்கிறது. மஞ்சள் பாவாடையைப் பால்காரர் பேத்திக்குக் கொடுத்தாயிற்று.

கனவு வந்தது. இங்கே எழுதவில்லை. விழித்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன்.